காகிதம் ஒட்டிய இசைத்தட்டு

லாசரஸை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, தான் மழையில் நனைந்துகொண்டு ஓர் இசைத்தட்டுக்குக் குடை பிடித்துப் போனார்.

எங்கள் ஜாஸ் சங்கத்தில் இசைத்தட்டுகளைக் கழுவித் துடைப்பது அவர் வேலை. முன்பு எழும்பூர் ஹோட்டல் ஒன்றில் சாக்ஸபோன் வாசித்தவர். நுரையீரல் கெட்டதும் நிறுத்திவிட்டார். அவர் வாசித்துப் பதிவானது ஒரே ஒரு தட்டு. சங்கத்து அலமாரியில் யாரும் தொடாமல் கிடந்த அதைத் தனக்குத் தரும்படி கேட்டார்.

தலைவர் சேஷகிரி சிரித்தார். "நம்ம ஆளுங்க வாசிச்சா கல்யாண ஊர்வலம்தான்யா ஞாபகம் வரும். அதைப் போட்டு என்னை எழுந்து நின்னு கைதட்ட வை, எடுத்துட்டுப் போ."

"எல்லார் முன்னாலயும் சொல்றீங்களே சார்?"

"சொல்றேன்."

ஞாயிறுதோறும் தட்டின் மேலுள்ள பெயரைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, வாசிப்பவர் யாரென்று காதால் கண்டுபிடிப்பது எங்கள் வழக்கம். காகிதம் ஒட்டுபவர் லாசரஸ்தான்.

அடுத்த ஞாயிறு மூன்றாவது தட்டு சுழன்றது. கண்ணை மூடிக் கேட்ட சேஷகிரி, முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்.

"சிகாகோ ஆளுதான்! இந்த மூச்சு நம்மூர் நெஞ்சுல வருமா?"

லாசரஸ் இருமிக்கொண்டே காகிதத்தை உரித்தார். எழும்பூர் ஹோட்டலின் பெயர் தெரிந்தது.

"இனிமே வராது சார். அப்ப வந்துச்சு."

சேஷகிரி உட்கார மறந்து நின்றார்.

தை மாதம் லாசரஸ் இறந்தார். தட்டைப் போட்டுக் கேட்க அவர் வீட்டில் எதுவும் இருந்ததில்லை என்று அன்றுதான் தெரிந்தது. தட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் ஹோட்டலின் பெயர் உண்டு, லாசரஸின் பெயர் இல்லை.