ஓவனில் ஏறாத போல்ட்டுகள்

கோயமுத்தூரில், கணபதிப் பகுதிக்கு அப்பால் ஒரு தகர ஷெட்டில், திலகமணி முலாம் பூசும் பட்டறை நடத்திவந்தாள். இரும்புச் சாமான்கள் அங்கே கறுப்பாக வரும். துத்தநாகம் ஏறி வெள்ளையாகப் போகும்.

அவளிடம் தொழில் கற்க வந்த நஞ்சப்பனுக்கு அவளைவிட வயது அதிகம். நூல் மில்லில் இருந்தவர். மில்லை மூடியபின் அந்த வயதில் அவரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. அவள் எடுத்துக்கொண்டாள்.

எண்ணெய்ப் பிசுக்கு போக்கும் வெந்நீர்த் தொட்டி, துரு தின்னும் ஆசிட் தொட்டி, முலாம் தொட்டியில் மெல்லச் சுழலும் பேரல், அதற்குக் கரண்ட் அனுப்பும் ரெக்டிஃபையர் என்று ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டார். ஓவன் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

கெட்டி இரும்பில் செய்த பெரிய போல்ட்டுகள் முலாம் ஏறி வந்ததும் அவற்றை ஓவனில் வைத்து வெகுநேரம் சுடவேண்டும். உள்ளே எப்படிப் போனதோ அப்படியே வெளியே வரும்.

"நெறமும் மாறல, எடையும் மாறல. இது எதுக்குங்கம்மா?" என்று கேட்டார்.

"இன்னொரு நாளைக்குச் சொல்றேங்கண்ணா" என்றாள் திலகமணி.

ஒரு நாள் ஜெகந்நாதன் மூட்டை மூட்டையாகப் போல்ட்டு கொண்டுவந்து இறக்கினார். கட்டடம் கட்டுகிற இடங்களுக்கு ஆளேற்றும் லிப்ட் மாட்டிக் கொடுக்கிற தொழில் அவருக்கு. மறுநாள் காலையில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியத்துக்குள் எல்லாவற்றுக்கும் முலாம் ஏறிவிட்டது. ஓவனைப் போட்டபோது உள்ளே ஏதோ கருகிய வாடை வந்தது. சூடேற்றும் காயில் கம்பி எரிந்துபோயிருந்தது. திலகமணி தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் செய்தாள். அந்த அளவில் காயில் யாரிடமும் இல்லை. ஓவன் வைத்திருக்கிற இன்னொரு பட்டறையில் அன்று விடுமுறை. அலைந்து திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது.

"ஒரு தடவை சுடாமக் குடுத்தா என்னங்கம்மா? நல்லாத்தான இருக்குது" என்றார் நஞ்சப்பன்.

அவள் போல்ட்டுகளில் மூன்றை எடுத்து ஒரு தடித்த இரும்புப் பலகையில் மாட்டினாள். நீளப் பிடி போட்ட ஸ்பேனரால் தன் முழுப் பலத்தையும் கொடுத்து முறுக்கினாள்.

"காலைல வந்து பாருங்கண்ணா."

காலையில் மூன்றும் அப்படியே இருந்தன. நஞ்சப்பன் தட்டிப் பார்த்தார். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. ஜெகந்நாதன் வண்டியோடு வந்து நின்றார்.

"சரக்கு குடுக்க முடியாதுங்க. ஓவன் கெட்டுப்போச்சு" என்றாள் திலகமணி.

"சுடாட்டிப் போவுது. ஏத்து."

அவர் சொல்லி முடிக்கவில்லை. டப்பென்று ஒரு சத்தம். பலகையிலிருந்து ஒரு போல்ட்டின் தலை தெறித்துச் சுவரில் பட்டு விழுந்தது.

நஞ்சப்பன் போய் அந்தத் தலையைக் கையில் எடுத்தார்.

"யாரும் தொடலீங்களே" என்றார் நஞ்சப்பன்.

"ஆசிட்லயும் முலாம் தொட்டிலயும் கெடக்கறப்ப ஒரு கேஸ் இரும்புக்குள்ள போயிருதுங்கண்ணா. சூட்டுலதான் அது வெளிய வரும். சீக்கிரமே சுடோணும். உட்டுட்டா உள்ளயே இருந்துக்கும், அப்பறம் சுட்டாலும் போவாது. பாரம் ஏறினதுக்கப்பறம் இப்பிடித்தான்."

ஜெகந்நாதன் பலகையைக் காட்டினார். "மத்த ரெண்டும் நிக்குதல்ல?"

"நிக்குது."

"அப்பறம் என்ன? நல்லதாப் பாத்துப் பொறுக்கிக் குடு."

"பாத்தாத் தெரியாதுங்க. எனக்கும் தெரியாது."

"சைட்ல லிப்ட் நிக்குது. நாளைக்கு ஆள் ஏறோணும். இஞ்சினியர் விடியறதுக்குள்ள போன் பண்ணிட்டான். நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"ஆள் ஏறோணும்னுதாங்க நானும் சொல்றேன்."

ஜெகந்நாதன் குரலைத் தணித்துக்கொண்டார். "திலகா, நீ ஷெட் போட்டப்ப மொத வேலை குடுத்தவன் நான். சரக்கு என்னுது. நான் பாத்துக்கறேன். குடுத்துரு."

"புது போல்ட்டு நான் வாங்கித் தந்தர்றேங்க. இது வெளிய போவாது."

அவள் ஷெட்டின் மூலையிலிருந்து கேஸ் கட்டரை இழுத்து வந்தாள்.

"அண்ணா, சிலிண்டரைத் தெறங்க."

நஞ்சப்பன் சிலிண்டர் மேல் கை வைத்தார். ஜெகந்நாதனுடைய வேலையில்தான் பட்டறை ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். கை அங்கேயே நின்றது. திலகமணி அவரை அவசரப்படுத்தவில்லை. கட்டரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் திறந்தார்.

ஒவ்வொரு போல்ட்டாக அவள் இரண்டாக அறுத்துப் போட்டாள். முலாம் எரிந்து வெள்ளைப் புகை கிளம்பியது. பழைய இரும்புக் கடைக்குப் போனாலும் யாரும் எடுத்து மாட்ட முடியாதபடி மரையோடு சேர்த்து அறுத்தாள். ஜெகந்நாதன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காலி வண்டியில் ஏறிப் போய்விட்டார். புகையில் நின்றதால் அன்று சாயங்காலம் நஞ்சப்பனுக்குக் குளிர்சுரம் கண்டது.

புது போல்ட்டு வாங்குவதற்காகத் திலகமணி ரெக்டிஃபையரை விற்றாள். போல்ட்டுகளை வாங்கிக்கொண்ட ஜெகந்நாதன் திரும்ப வேலை தரவில்லை. அவர் பேச்சைக் கேட்டு நடந்த மற்றவர்களும் வரவில்லை. விற்றதற்குப் பதிலாக வாடகைக்கு எடுத்த ரெக்டிஃபையர் சும்மா கிடந்தது. பேரல் விலைக்குப் போயிற்று. பிறகு தொட்டிகள் போயின. கடைசியாக ஒரு மழைநாளில், ஷெட்டைக் காலி செய்து பூட்டினார்கள்.

இருவரும் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றார்கள். நஞ்சப்பனுக்கு மறுநாள் போக ஓர் இடம் இல்லை. திலகமணிக்கும் இல்லை. அவள் சாவியை ஷெட்டின் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றார் நஞ்சப்பன்.

"கேளுங்கண்ணா."

"அந்தப் போல்ட்டையே மாட்டியிருந்தாலும், ஒண்ணும் ஆவாமயே போயிருக்குமோ என்னமோ."

"போயிருக்கலாம்."

"இப்ப யாரோ அந்த லிப்ட்ல ஏறுவாங்க, எறங்குவாங்க. இப்பிடி ஒருத்தி பட்டறையவே தோத்துட்டு நிக்கறான்னு அதுல ஒருத்தருக்காச்சும் தெரியுமுங்களா?"

"தெரியாது."

"இனிமேலும் தெரியாதுங்களே."

மழை வலுத்தது. தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. திலகமணி சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"தெரியாமயே இருக்கட்டுங்கண்ணா. எறங்கி ஊட்டுக்குப் போனாச் சரி" என்றாள்.