கரூரில் எழுந்த கைதட்டல்

கரூரில் தமயந்தி விழுந்தபோது அரங்கம் கை தட்டியது.

தட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. அது புதுவகை நடனம். சலங்கை கிடையாது, முத்திரை கிடையாது, பாட்டும் கிடையாது. வெற்று மேடையில் ஆறு பேர் நடந்தார்கள், ஓடினார்கள், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரு பெண் தலைக்கு மேலிருந்து தரையில் வந்து விழுந்தால், அதுவும் ஆட்டம்தான் என்று ஊர் நினைத்துக்கொண்டது. குழுத் தலைவி ஹெப்சிபா மாஸ்டர் ஓடிவந்து தன் கையாலேயே திரையை இழுத்து மூடும்வரை தட்டல் ஓயவில்லை.

தமயந்தியைத் தலைக்கு மேல் தூக்கி நின்றவன் பரஞ்சோதி.

அவனுக்கு நாற்பத்தொரு வயது. தூத்துக்குடிக்காரன். ஒரு காலத்தில் கபடி ஆடினான், பிறகு துறைமுகத்தில் மூட்டை சுமந்தான். முப்பத்துமூன்றாம் வயதில் இந்தக் குழுவின் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று போய் நின்றான். மாஸ்டர் அவனைவிட ஆறு வயது இளையவர். அது அவன் நினைவுக்கே வருவதில்லை. அவர் நில் என்றால் நிற்பான்.

தமயந்திக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. திருச்சி மருத்துவமனையில் சேர்த்தார்கள். நடப்பாள், ஆட முடியாது என்றார் மருத்துவர்.

குழுவில் எல்லோரும் பரஞ்சோதியைத் தேற்றினார்கள்.

"தரையில மெழுகு போட்டிருந்தாங்க அண்ணே. யாரா இருந்தாலும் வழுக்கியிருக்கும்."

"ஆமா, வழுக்குச்சு" என்றான் அவன். ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னான்.

மாஸ்டர் மட்டும் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டார். அவ்வளவுதான். அது அவனுக்குச் சோறு இறங்காமல் செய்தது.

திண்டுக்கல் நிகழ்ச்சியைக் கைவிட்டார்கள். அடுத்தது அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரி அரங்கம். கரூரிலிருந்து வண்டி ஏறும் நேரத்தில் பரஞ்சோதி பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் நின்னுக்கிறேன் மாஸ்டர். ஊருக்குப் போயிடறேன்."

"போங்க. திருச்சி வழியா போங்க."

"தூத்துக்குடி தெற்கால இருக்கு."

"தெரியும்" என்றார் ஹெப்சிபா.

மறுநாள் காலை அவன் மருத்துவமனைப் படியேறினான். தமயந்தி மல்லாந்து கிடந்தாள். இடுப்புக்குக் கீழே போர்வை மேடாக இருந்தது. அவளுடைய அம்மா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். அவன் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

அவள்தான் பேசினாள்.

"அண்ணே, அன்னைக்குக் கை தட்டினாங்களாமே."

"தட்டினாங்க."

"முந்தின ஊர்ல எல்லாம் என்னை மேல தூக்கினதுமே தட்டினாங்க. கரூர்ல லேட்டாயிடுச்சு, இல்லையா?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"தமயந்தி, தரையில வழுக்கு ஒண்ணும் இல்லை" என்றான். "நாலு எண்ணிக்கையில உன்னை இறக்கியிருக்கணும். யாரும் தட்டலை. நாலு தாண்டி நின்னேன். அப்பவும் தட்டலை. அதனால இடது கையை எடுத்து விரிச்சேன். ஒத்தைக் கையில உன்னை நிறுத்தினா தட்டுவாங்கன்னு."

அவளுடைய அம்மாவின் கை உரிப்பதை நிறுத்தியது.

தமயந்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் குடு" என்றாள்.

வராந்தாவில் நின்று அந்த டீயைக் குடித்தான். வாங்கிக் கொடுத்தவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பாதியில் வைத்துவிடலாம் என்று தோன்றியது. வைக்கவில்லை, கடைசிவரை குடித்தான். பேருந்து நிலையத்தில் தூத்துக்குடி வண்டி புறப்படத் தயாராக நின்றது. அது போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மதுரை வண்டியில் ஏறி, அங்கிருந்து அருப்புக்கோட்டைக்குப் போனான்.

கல்லூரி மேடையில் மாஸ்டர் வெறுங்காலோடு நின்றிருந்தார். தமயந்தியின் சாம்பல் நிறச் சட்டையைப் போட்டிருந்தார். அது அவருக்குக் கொஞ்சம் இறுக்கம்.

"அவ பங்கை நான் ஆடறேன். வாங்க, தூக்குங்க."

"மாஸ்டர், கையை எடுத்தது நான்தான்."

"பக்கத் திரைல நின்னு பார்த்தேன்."

"பார்த்துட்டுமா என்னைத் தூக்கச் சொல்றீங்க?"

"தூக்குங்க."

தூக்கினான். கை முழங்கைவரை நடுங்கியது. இரண்டு எண்ணுவதற்குள் இறக்கிவிட்டான்.

"இன்னொரு தடவை."

மறுபடியும் நடுங்கியது. மறுபடியும் இறக்கினான். மற்ற நால்வரும் சுவரோரம் நின்று பார்த்தார்கள். ஒருத்தி பொறுக்க முடியாமல், "மாஸ்டர், அந்தத் தூக்கலையே எடுத்துடலாமே" என்றாள். ஹெப்சிபா திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பதாவது தடவை அவன் நான்கு எண்ணி இறக்கியபோது, அவருடைய சட்டையின் இரு பக்கமும் அவன் உள்ளங்கை வியர்வை ஊறியிருந்தது.

"உங்களுக்குப் பயமா இல்லையா மாஸ்டர்?"

"மூணு மணிக்கு ஷோ. போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

மூன்று மணிக்கு அறுபது, எழுபது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் வாத்தியார்கள் உட்காரச் சொன்னதால் உட்கார்ந்த மாணவர்கள். ஆட்டம் நடந்தது. அந்த இடம் வந்ததும் பரஞ்சோதி மாஸ்டரைத் தூக்கினான். அவன் கை நடுங்குவது முன்வரிசைக்கே தெரிந்தது. யாரோ ஒரு பையன் சிரித்தான். மாஸ்டர் தன் எடை முழுவதையும் அவன் மேல் விட்டிருந்தார், ஒரு விரல்கூடத் தற்காப்புக்கு இறுகவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இறக்கினான். அவருடைய பாதம் தரையைத் தொட்டது. யாரும் கை தட்டவில்லை. முடிவிலும் ஏனோதானோவென்றுதான் தட்டினார்கள்.

அரங்கம் காலியானதும் இருவரும் மேடை விரிப்பைச் சுருட்டினார்கள். ஒரு முனையை அவன் பிடித்திருந்தான், மறுமுனையை அவர். அவன் பிடித்த முனை இன்னும் அசைந்துகொண்டே இருந்தது.

"எட்டு வருஷமா தூக்கறேன். இப்படி ஆனதே இல்லை" என்றான். "இந்த நடுக்கம் எப்பத்தான் போகும் மாஸ்டர்?"

ஹெப்சிபா விரிப்பைக் கீழே வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"கரூர்ல உங்க கை நடுங்கவே இல்லை" என்றார்.