தராசும் நூலும் கட்டைவிரலும்

முன்னொரு காலத்தில் செம்மண்பாடி நாட்டை அடலேறு என்றோர் அரசன் ஆண்டு வந்தான். காலையில் கொடுத்த வாக்கை மாலையில் மறப்பது அவன் வழக்கம். மூன்று ஆண்டு தொடர்ந்து மழை பொய்த்தபோது, பசியால் உயிருக்கு மோசமான நிலையில் இருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நாற்பது நாள் அரண்மனைப் பால்கஞ்சி உண்டு என்று முரசறைந்தான். அந்தக் குழந்தைகள் யார் யார் என்று கண்டறியும் வேலையைக் களஞ்சிய அதிகாரி திருமேனிநாதரிடம் விட்டான்.

திருமேனிநாதருக்குக் களஞ்சியம் நிறைந்திருக்க வேண்டும். நாடு எப்படி இருந்தாலும் சரி.

அவர் ஊர்ப் பொதுவில் ஓர் அளவுகோலை நட்டார். பக்கத்தில் பித்தளைத் தராசு ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்குத் தினம் மாலை போட்டார். குழந்தைகளுக்குத்தான் சோறில்லை, தராசுக்குப் பூ தவறவில்லை. குழந்தையின் உயரத்தை அளந்து, அந்த உயரத்துக்குரிய எடைக்கல்லை ஒரு தட்டில் வைப்பார்கள். குழந்தையின் தட்டு மேலே போனால் கஞ்சி. கீழே போனால் வீடு.

வளையல் விற்கும் வெள்ளச்சி தன் இரண்டு வயது மகன் காத்தானைத் தட்டில் உட்கார வைத்தாள். தட்டு கீழே போயிற்று.

"முகம் பூரித்திருக்கிறது, கால் கொழுத்திருக்கிறது. அடுத்த ஆள்" என்றார் திருமேனிநாதர்.

"ஐயா, பத்து நாளாக இவன் அழக்கூட இல்லை. கஞ்சியைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்."

"அப்படியானால் பசியில்லை. உன் வாயாலேயே சொல்லிவிட்டாய்."

வெள்ளச்சி வீட்டுக்குப் போகவில்லை. அன்று வரிசையில் நின்ற நூற்றிருபது குழந்தைகளின் மேற்கையையும் வளையல் அளவெடுக்கும் தன் சிவப்பு நூலால் சுற்றிப் பார்த்தாள், காலையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு மகனைத் தூக்கிக்கொண்டு நேரே அரசவைக்குப் போனாள்.

"மகாராஜா, நான் பதினாறு வருடமாகக் கைக்கு வளையல் போடுகிறவள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை குழந்தை வளரும். மேற்கையின் சுற்றளவு அதிகம் மாறாது. இந்த நூலில் ஆறு விரற்கடையில் முடிச்சிட்டிருக்கிறேன். அந்த முடிச்சுக்குள் அடங்கும் கை பசியில் கரைந்த கை. நூலில் சிக்கியவர்கள் முப்பத்து மூன்று பேர்."

பின்னாலேயே வந்திருந்த திருமேனிநாதர் சிரித்தார். "தராசில் சிக்கியவர்கள் இருபத்தாறு. அவர்களில் பன்னிரண்டு பேரை இவள் நூல் விட்டுவிட்டது, அரசே. வளையல்காரியின் வைத்தியம் வளையலோடு சரி."

"விட்டது உண்மைதான். நூல் பிடித்த பத்தொன்பது பேரை ஐயாவின் தராசும் விட்டது."

"அதனால் இரண்டிலும் சிக்கிய பதினான்கு பேருக்கு மட்டும் கஞ்சி கொடுப்போம். சந்தேகமே இராது" என்றார் அதிகாரி.

"எதில் சிக்கினாலும் கொடுங்கள், மகாராஜா. நாற்பத்தைந்து பேர் பிழைப்பார்கள்."

"உன் மகன் எதிலுமே சிக்கவில்லையே, தாயே" என்றார் திருமேனிநாதர், மிகுந்த இரக்கத்தோடு.

"சிக்கவில்லை. பசியில் சாகக் கிடந்தும் எதிலும் சிக்காதவர்கள் அவனையும் சேர்த்து மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஐயாவுக்கு நான் ஒருவேளை சோறு பரிமாற வேண்டும். அவர் வழக்கமாக உண்ணும் எடை. ஒரு பலமும் குறையாது."

அரசனுக்கு வேடிக்கை பிடிக்கும். சம்மதித்தான். அதிகாரியின் பகலுணவு அறுபது பலம் என்று சமையற்காரர் சொன்னார். அவையில் ஒருவரும் வியக்கவில்லை.

இலை போடப்பட்டது. வெள்ளச்சி ஒரு பெரிய குவியலை அதில் வைத்தாள். வெண்மையாக, ஈரமாக இருந்தது. திருமேனிநாதர் கைவைத்து, கையை இழுத்துக்கொண்டார்.

"இது உடம்பு தேய்க்கும் பீர்க்கங்கூடு."

"தண்ணீரில் நன்றாக ஊறியது, ஐயா. நிறுத்துப் பாருங்கள். அறுபது பலம்."

நிறுத்தார்கள். அறுபதேதான்.

"எடை சரியாக இருக்கிறதே, திருமேனிநாதரே, சாப்பிடுமேன்" என்றான் அரசன்.

"அரசே, இதில் இருப்பது வெறும் தண்ணீர்."

"என் மகனிடம் இருப்பதும் அதுதான்" என்றாள் வெள்ளச்சி. "அவன் புறங்காலில் கட்டைவிரலை வைத்து, மூன்று எண்ணும்வரை அழுத்திப் பாருங்கள், மகாராஜா."

அரசன் இறங்கிவந்து அழுத்தினான். விரலை எடுத்தான். அழுத்திய இடத்தில் குழி அப்படியே நின்றது. மற்றக் காலிலும் அப்படியே. அவன் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று.

"தராசோ நூலோ விரலோ, எதில் சிக்கினாலும் கஞ்சி. நாற்பத்தெட்டுப் பேர். இவனிலிருந்து தொடங்குங்கள்" என்றான்.

கஞ்சியைக் கொஞ்சங்கொஞ்சமாக, நாளுக்கு எட்டு வேளை, வெள்ளச்சியே ஊட்டினாள். ஒன்பதாம் நாள் திருமேனிநாதர் காத்தானைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, மேல்துண்டு நழுவ அவைக்கு ஓடிவந்தார். இத்தனை மகிழ்ச்சியாக அவரை எவரும் பார்த்ததில்லை.

"அரசே, ஒன்பது நாள் கஞ்சி குடித்தவன் முப்பது பலம் குறைந்துவிட்டான். இவள் பேச்சைக் கேட்டு ஊருக்கெல்லாம் ஊற்றினோமே."

அரசன் குழந்தையைக் கொண்டுவரச் சொல்லி, புறங்காலை அழுத்தினான். குழி விழவில்லை. வீக்கம் வடிந்த கால் குச்சியாக, ஆனால் காலாகவே இருந்தது.

"குறைந்தது தண்ணீர்" என்றாள் வெள்ளச்சி. "இனி ஏறுவதுதான் சதை."

கஞ்சி வேளை தவறிவிட்டதால் காத்தான் வீறிட்டு அழத் தொடங்கினான். பத்தொன்பது நாளில் அவன் முதல் அழுகை அது. வெள்ளச்சி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அழுகிறானே. இப்போது பசி இருக்கிறதா, இல்லையா, திருமேனிநாதரே?" என்றான் அரசன்.

அதிகாரி நழுவிய மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அரசன் வெள்ளச்சியின் கையில் களஞ்சியச் சாவியைக் கொடுத்தான். திருமேனிநாதருக்கும் வேலை கொடுத்தான்: ஊர் ஊராகப் போய், தரையில் உட்கார்ந்து, குழந்தைகளின் புறங்காலை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும். அவரது பகலுணவு அறுபது பலம் குறையாமல் வண்டியில் கூடவே போயிற்று. அதை வெள்ளச்சியே ஊறவைத்து அனுப்பினாள்.