தாமோதரன் கொடுத்த கார்டு

கோயம்புத்தூர் மோட்டார் கம்பெனியில் மோட்டாரை இயக்கும் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயப் பற்று, அதாவது சால்டர், வைக்க வந்த பரிபூரணத்தை முதலாளி புகழும்போதெல்லாம் சீனியர் இன்ஜினியர் தாமோதரனுக்கு வயிறு எரியும்.

ஒருநாள் முதலாளி முன்னாலேயே அவளிடம் ஒரு மெமரி கார்டை நீட்டினார். "போர்டை எழுப்பிவிடுற புரோகிராம், பூட்லோடர், புதுசு. உன் போர்டுல ஏத்து. போர்டு செத்தா உன் வேலை போயிடும்."

கார்டில் இருந்தது வேறு ரகப் போர்டுக்கான பூட்லோடர்; ஏற்றினால் இந்த ரகப் போர்டு செத்துப்போகும். அது அவருக்கு மட்டுமே தெரியும்.

பரிபூரணம் அவர் முகத்தையே பார்த்தாள். "எனக்குப் பழக்கமில்லைங்க சார். உங்க போர்டும் இதே ரகந்தானுங்களே, முதல்ல அதுல ஏத்திப் பழகிக்கிறேனுங்க" என்று அவர் மேசைப் போர்டில் கார்டைச் செருகப் போனாள்.

"ஐயையோ, செத்துடும்!" என்று அலறினார் தாமோதரன்.

"அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் முதலாளி.

தாமோதரன் மேசை இழுப்பறையைத் திறந்து, சரியான கார்டை எடுத்து வைத்தார். சரியான பூட்லோடரைப் பரிபூரணம் ஏற்றி முடிக்கும்வரை, முதலாளி சொற்படி கேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தாமோதரன்தான்.