காசு வாய் மூடியது ஏன்

அந்தக் காலத்தில் காசுக்குக் கால் இருந்தது, வாயும் இருந்தது. ஆடு மாடெல்லாம் பேசும்போது அது மட்டும் சும்மா இருக்குமா? அதைப்போல வாயாடி உலகத்தில் வேறு கிடையாது. ஒரு வீட்டில் நெல் வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குத் தானாகவே நடந்து போகும். போகிற இடமெல்லாம் அதற்கு விருந்தாளி மரியாதைதான். பாய் விரித்து, தண்ணீர் கொடுத்து, "எந்தப் பக்கமிருந்து வர்றே?" என்று சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். யார் வீட்டில் கல்யாணம், எந்த ஊரில் மழை, எவன் மாட்டைத் தொலைத்துவிட்டு அலைகிறான் என்று எல்லாம் சொல்லும். ஊர் விட்டு ஊர் சேதி அனுப்பவும் ஜனங்கள் அதைத்தான் நம்பினார்கள்.

உப்பளக் கரையில் ஆவுடை என்று ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டுக்குக் காசு வருவதே அபூர்வம். ஆனாலும் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அரிசி வாங்குவதற்காக இல்லை. வீட்டை விட்டுப் போன புருஷன் பலவேசத்தைப் பற்றி அது ஏதாவது சொல்லாதா என்றுதான்.

அவன் போனதற்குக் காரணம் அவள் வாய்தான். குவித்து வைத்த உப்பை ஓலையால் மூடாமல் அவன் கூத்துப் பார்க்கப் போய்விட்டான். அன்றைக்கென்று மழை கொட்டித் தீர்த்தது. வெயிலில் வெந்து சேர்த்த உப்பெல்லாம் கரைந்து வாய்க்காலில் ஓடியது. ஆவுடை கோபத்தில் "உப்போட சேந்து நீங்களும் கரைஞ்சு போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு நாக்கையும் கடித்துக்கொண்டாள். என்ன பிரயோஜனம்? அவன் மிஞ்சிய உப்பை மாட்டின் முதுகில் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போனான். போனவன் போனவன்தான்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு காசு மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தது.

"ஆவுடை வீடு இதுதானே தாயி?"

"ஆமா. யாரு அனுப்புனா?"

"பலவேசம். மலைச்சந்தையில உப்பு வித்த காசு நான்."

ஆவுடை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எப்படி இருக்காக?"

"கொஞ்சம் இளைச்சிருக்காரு. மத்தபடி சொகந்தான். ஒன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு. 'நான் வரலாமா?'ன்னு கேக்கச் சொன்னாரு."

அவள் அழுதாள், சிரித்தாள், முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவுக வீட்டுக்கு அவுக வர இதென்ன கேள்வி? ஓடியாரச் சொல்லு!"

"அப்ப இப்பவே கிளம்புறேன். நாலஞ்சு நாள்ல சந்தை கலைஞ்சிரும். அதுவரைக்கும்தான் எனக்காகக் காத்திருப்பாரு. நான் திரும்பலேன்னா நீ வேண்டாமுன்னுட்டேன்னு நெனச்சு மலைக்கு அந்தாண்ட போயிருவாரு. பெறவு எனக்கே வழி தெரியாது தாயி."

வழியனுப்பத்தான் ஆவுடை அதைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் வாசம் வந்தது. மாட்டு வாசம், ஈர உப்பு வாசம், அவற்றுக்கடியில் அவன் உள்ளங்கை வாசம். எத்தனை நாளாயிற்று! கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "இன்னைக்கு ஒரு பொழுது இருந்துட்டுப் போ ராசா. அவுக என்ன சாப்பிடுதாக, எங்க படுக்காக, சொல்லிட்டுப் போ."

காசுக்கும் இரக்கம் வந்தது. சொன்னது. அவன் இருமுவதுபோல இருமிக் காட்டியது, சிரிப்பதுபோலச் சிரித்துக் காட்டியது. ஆவுடைக்கு அவனே அடுப்படியில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. விடிந்ததும், "நாளைக்குப் போலாம்" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள்.

காசுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒனக்கு ஆளு வேணுமா, ஆளப் பத்துன பேச்சு வேணுமா?"

ஆள்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? கைதான் விடமாட்டேன் என்றது. அவள் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அது படியிறங்கியது. பதறி எழுந்து ஓடிப் பிடித்து, முந்தானையில் வைத்து இறுக்கி முடிந்துவிட்டாள். "இந்த ஒரு நாள் மட்டும் ராசா, ஒரே ஒரு நாள்."

முடிச்சுக்குள் அது திட்டியது, கெஞ்சியது. பிறகு சத்தம் இல்லை. தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவிழ்த்துப் பார்த்தால் காலும் இல்லை, வாயும் இல்லை. தட்டையாக, வட்டமாக, சில்லென்று கிடந்தது. ஊதிப் பார்த்தாள், மடியில் வைத்துச் சூடேற்றிப் பார்த்தாள். "சொல்லு ராசா, அவுக எப்படிச் சிரிச்சாக?"

அலறிக்கொண்டு பாதைக்கு ஓடினாள். மலைக்குப் போகிற உப்பு வண்டிக்காரரை மறித்து அதைக் கையில் திணித்தாள். "அண்ணே, மலைச்சந்தையில பலவேசம்னு ஒருத்தர் இருப்பாக. ஆவுடை வரச் சொன்னான்னு சொல்லி இதைக் குடுத்துருங்க."

"காசுதானே, தன்னால நடந்து போகாதா?"

"போகாதுண்ணே. நான் அதைக் கெடுத்துட்டேன்."

வண்டிக்காரர் திரும்பி வந்தபோது காசும் கூடவே வந்தது. "சந்தை கலைஞ்சுபோச்சு தாயி. ஒருத்தர் மட்டும் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தாராம். வழியில போற காசையெல்லாம் நிறுத்தி, 'உப்பளத்துலருந்து வர்றியா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். பெறவு மாட்டை ஓட்டிக்கிட்டு மலைக்கு அந்தாண்ட போயிட்டாராம்."

ஊமையாகிப்போன காசை வழியெல்லாம் மற்றக் காசுகள் பார்த்திருந்தன. எல்லாம் கூடிப் பேசின. "நாம பேசுறதாலதான் இவங்க பாசம் வைக்காங்க. பாசம் வச்சா முடிஞ்சு வச்சிருதாங்க. நமக்குப் பேச்சே வேண்டாம்" என்று வாயை மூடிக் காலை மடக்கிக்கொண்டன. பேசாவிட்டால் யாரும் தங்களுக்காக ஏங்கமாட்டார்கள் என்று நினைத்தன, பாவம்.

ஆவுடை அந்தக் காசை வைத்துக்கொள்ளவில்லை. மலை தாண்டிப் போகிற ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிட்டாள். என்றைக்காவது அவன் கையில் பட்டாலும் படும் இல்லையா? அதற்குப் பிறகு எந்தக் காசு வந்தாலும் மோந்து பார்ப்பாள். அவன் கை பட்டு வந்ததோ என்னவோ என்று கண்ணில் ஒற்றிக்கொள்வாள். உடனே அனுப்பியும்விடுவாள். அவளைப் பார்த்து ஊரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பழகியது.

அன்று முதல்தான் காசு நம்மோடு பேசுவதில்லை; நாம்தான் அதைப் பற்றி, கோபித்துக்கொண்டு போன வீட்டு ஆளைப் பற்றிச் சொல்வதுபோல, இப்போதுதான் வந்தது, அதற்குள் போய்விட்டது, எங்கே போனதென்றே தெரியவில்லை, என்ன செய்தாலும் நம்மிடம் தங்கமாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.