பேலட் கோபுரம்

எங்கள் குருவுக்குத் தாடி கிடையாது. தலையில் மஞ்சள் ஹெல்மெட் உண்டு. பெயர் சொர்ணக்கனி, வயது முப்பத்தைந்து இருக்கும். தூத்துக்குடியில் நாங்கள் வேலை பார்க்கிற பருப்புக் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லமாட்டார். எரிச்சலாகத்தான் வரும். ஆனாலும் அவரிடம்தான் போய் நிற்போம்.

சீடர் மாசானம் அண்ணாச்சி. குருவைவிட இருபது வயது மூத்தவர். முதுகில் மூட்டை சுமந்தே காலத்தை ஓட்டினவர். இடுப்பு ஒத்துழைக்காமல் போனதும், மூட்டைக்கு அடியில் போடுகிற மரத்தட்டுகளை, எங்கள் பாஷையில் பேலட்டுகளை, அடுக்குகிற வேலைக்கு வந்தார். "மேடம், மேடம்" என்று சொர்ணக்கனி பின்னாலேயே அலைவார். நாங்கள் கேலி செய்தால், "போங்கலே, தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கிட எனக்கு என்ன வெக்கம்?" என்பார்.

மேடத்துக்கு மதுரைக் கிடங்குக்கு மாற்றல் வந்தது. பேலட் கொட்டகையை யார் கையில் விட்டுப் போவது என்று ஆயுத பூசை முடிந்ததும் சொல்வதாக இருந்தார். அது தனக்கு வர வேண்டும் என்று அண்ணாச்சிக்குத் தவியாய்த் தவிப்பு.

"இத்தன வருசமும் 'ஏய், இதத் தூக்கு, ஏய், அத இறக்கு'ன்னுதான் கேட்டிருக்கேன் சீனி. ஒரு தடவ நான் சொல்லி நாலு பேரு கேக்கணும்யா."

இதை என்னிடம் சொன்னபோது மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிப்போனது. நான் பேலட்டைத் தூக்கி இறக்குகிற ஃபோர்க் வண்டி ஓட்டுகிறவன், எனக்கு அவர் ஜெயித்தால் சந்தோஷம்தான்.

குருவை அசத்த வேண்டும் என்று அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். பூசைக்கு முந்தின நாள் என்னை வண்டி எடுக்கச் சொல்லி, காலிப் பேலட்டையெல்லாம் வாசல் பக்கம் கோபுரமாக ஏற்றினார். காலிப் பேலட் எதுவரைக்கும் அடுக்கலாம் என்று சுவரில் சிவப்புக் கோடு இருக்கிறது. கோபுரம் அதைத் தாண்டிப் போனது. வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் கட்டி, சீரியல் லைட்டும் சுற்றினார். பையன்கள் விசில் அடித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அம்புட்டு அழகு.

மறுநாள் காலையில் வண்டியைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டேன். தராசுக்கும் தள்ளுவண்டிக்கும் பொட்டு வைத்தாயிற்று. மேடம் வந்து கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எப்படி மேடம்?" என்றார் அண்ணாச்சி.

"கண்ணு பட்டுரும் போல இருக்கு அண்ணாச்சி."

"கோட்டத் தாண்டிட்டேன்னு கோவமா?"

"கோவம் இல்ல. ஏன் தாண்டினீங்க?"

"காலிதானே மேடம், பாரமா இருக்கு? நல்ல நாள் அதுவுமா ஒரு நாள் நிக்கட்டும். கல்லு மாதிரி நிக்கும், அசையாது."

மேடம் கோலமாவு டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"சரி. வாரவங்க கோபுரத்துக்கிட்ட எதுவரைக்கும் போலாம்? ஒரு கோடு போட்டு விடுங்க."

அண்ணாச்சி கோபுரத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கோடு போட்டார்.

"யாரெல்லாம் வாராங்க?"

"மொதலாளி வாராக. ஆபீஸ் ஆளுக வாராக."

"உங்க வீட்டுல?"

"வேலம்மா வருவா." சொல்லிவிட்டு நின்றார். "அவளுக்கு முட்டி வலி மேடம். எதக் கண்டாலும் சாஞ்சு நின்னுக்கிடுவா." கோட்டைக் காலால் அழித்துவிட்டு, தள்ளி ஒன்று போட்டார்.

"பேத்தி வருதா?"

"வராம? அவ ஒரு வாலுல்லா. இதப் பாத்தா ஏறாம விடமாட்டா." அந்தக் கோட்டையும் அழித்தார். புதுக்கோடு தராசைத் தாண்டிப் போனது.

"என் மவனும் வாரான் அண்ணாச்சி," என்றேன்.

இன்னும் தள்ளினார்.

"மத்தியானம் கடல்காத்து எழும்புமே," என்றார் மேடம்.

அண்ணாச்சி குனிந்தபடியே கோடு இழுத்துக்கொண்டு பூசை மேசையைத் தாண்டினார், கேட்டைத் தாண்டினார். உப்பு லாரி ஒன்று பிரேக் போட்டு ஹாரன் அடித்தது.

"ஏ பெருசு, ரோட்டுலயா கோலம் போடுத?"

நாங்கள் சிரித்தோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை. ரோட்டில் நின்றபடி உள்ளே பார்த்தார். மேசை, பழம், பொரி, நாங்கள் எல்லாரும் கோட்டுக்கு உள்ளே, கோபுரத்துப் பக்கம் இருந்தோம்.

"மேடம்," என்றார் அங்கிருந்தே. "நடுவுல ஒடஞ்ச பேலட் இருக்கு. ஒடஞ்ச பக்கத்த உள்ளாற தள்ளி வச்சிட்டேன்."

"ஏன் அண்ணாச்சி?"

"வெளிய பாக்க லெச்சணமா இருக்கணும்லா."

அண்ணாச்சி விறுவிறு என்று என்னிடம் வந்தார்.

"சீனி, வண்டிய எடு. எறக்கிருவோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெளையாடுதீங்களா? பொட்டு வச்சு மாலையும் போட்டாச்சு. இனி நாளைக்குக் காலம்பறதான் வண்டியத் தொடணும். இப்ப எடுத்தா வருசம் பூரா வெளங்குமா?"

எல்லாரும் என் பக்கம்தான் பேசினார்கள். கோபுரத்தைச் சுற்றிக் கயிற்றைக் கட்டிவிட்டுப் பூசையை முடிப்போம் என்றான் ஒருவன். நான் மேடத்தைப் பார்த்தேன்.

"என்னய ஏன் பாக்குதீங்க? சொன்னது அண்ணாச்சி," என்றார் மேடம்.

அண்ணாச்சி மாலையைத் தானே கழற்றிக் கண்ணில் ஒற்றி மேசையில் வைத்தார். "ஆயுதத்துக்குத்தானலே பூசை? வேலைய முடிச்சிட்டு வந்து வாங்கிக்கிடட்டும். எடு வண்டிய!"

அந்த மனுஷர் அப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை. என்னை அறியாமல் சாவியைப் போட்டேன்.

எல்லாரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பினார். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். பாதியில் ஒரு பேலட்டைத் தூக்கியதும் அடிப்பலகை கழன்று, ஆணியோடு தரையில் வந்து விழுந்தது. முணுமுணுத்த வாயெல்லாம் மூடிக்கொண்டது. உடைந்ததைக் கையுறை போட்டுத் தனியாகப் பிரித்து வைத்தார். அதற்குள் குடும்பங்கள் வர ஆரம்பித்துவிட்டன. முதலாளி காரும் வந்தது. இறங்கி நேராக உள்ளே நடந்தவரை அண்ணாச்சி கை காட்டி மறித்தார்.

"அய்யா, உள்ள வராதீக. நான் சொன்ன பெறவு வாங்க."

வெயிலில், பட்டு வேட்டியோடு, முதலாளி ரோட்டிலேயே நின்றார். பக்கத்தில் வேலம்மா முட்டி வலியோடு என் மகன் தோளைப் பிடித்துச் சாய்ந்துகொண்டு நின்றாள்.

சாமிக்குத் தீபம் காட்டுவதற்குள் நல்ல நேரம் தாண்டிவிட்டது. பூசாரி முனகிக்கொண்டே மணி அடித்தார். பேலட்டெல்லாம் சிவப்புக் கோட்டுக்குக் கீழே குள்ளம் குள்ளமாக இருந்தன. விசில் அடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. பேத்தி பொரியை வாரி இறைத்துக்கொண்டு கிடங்கு முழுக்க ஓடினாள், யாரும் அவளைத் தடுக்கவில்லை.

எல்லாரும் சுண்டல் சாப்பிடும்போது அண்ணாச்சி ஒரு இலையில் பொரிகடலை வைத்து மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"மேடம், எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டாம். கோட்டத் தாண்டினதும் நான், ஒடஞ்சத மறைச்சதும் நான். வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

மேடம் ஒரு கை பொரியை வாயில் போட்டு மென்றார்.

"மொதலாளிய ரோட்டுல நிறுத்தினது யாரு அண்ணாச்சி?"

"நான்தான்."

"யாரக் கேட்டு நிறுத்தினீங்க?"

அண்ணாச்சி திருதிரு என்று விழித்தார். "யாரையும் கேக்கலியே மேடம்."

"நாளையிலருந்து கொட்டகையிலயும் யாரையும் கேக்காதீங்க."