எருமை கொடுத்த மேல்பல்

தட்டில் என்ன விழுந்தது என்றுகூடப் பார்க்காமல் வாரி விழுங்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாயே, உன்னைத்தான் சொல்கிறேன். சமைத்துப் போட்ட மனுஷி வாசல்வரை வந்து, "எப்படி இருந்தது?" என்று கேட்டாள். "ம்" என்றாய். மாடு மாதிரித் தின்றாய் என்று திட்டலாம், மாட்டுக்கு அவமானம். உன் தப்பை உனக்கு முன்னால் ஓர் எருமை செய்தாள். அதைச் சரிக்கட்ட அவள் என்ன கொடுத்தாள் என்று கேட்டுவிட்டுப் போ.

ஆடு, மாடு, கழுதை எல்லாம் வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓர் ஏரிக்கரையில் அக்காவும் தங்கையுமாக இரண்டு எருமைகள் இருந்தார்கள். அக்காவுக்கு நெற்றியில் வெள்ளை. அவள் பெயர் சுட்டி. தங்கை வளைகொம்பி. முதல் மழை விழுந்து வறண்ட ஏரிக்குள் புல் முளைத்ததும், எல்லோரும் கூடிப் பங்கு பேசுவது அங்கே வழக்கம். பேச்சில் வளைகொம்பியை அடிக்க ஆள் கிடையாது.

அந்த வருஷம் ஆடு வந்து கால் பங்கு கேட்டது.

"கால் பங்கா? உன் வாய் அகலம் எவ்வளவு, பேச்சு அகலம் எவ்வளவு? கரையோரமா நாலு முழம் எடுத்துக்கோ. அதுவே அதிகம்" என்றாள் வளைகொம்பி.

பசு வாயைத் திறப்பதற்குள், "போன வருஷம் நீ மிதிச்சு நாசம் பண்ணினதை மொதல்ல கழி" என்றாள். பசு பின்வாங்கி ஒதுங்கியது.

"பேசியே ஏரியை வளைச்சுப் போட்டுட்டியே தாயி!" என்று சாம்பலான் என்ற கழுதை பல்லைக் காட்டிச் சிரித்தது.

பேசி வாங்கினதை வயிற்றில் தள்ளும்வரை வளைகொம்பிக்கு நிம்மதி வராது. யாராவது மனசு மாறிப் பங்கு கேட்டுவிட்டால்? குனிந்த தலை நிமிராமல் மூன்று நாள் தின்றாள். அப்போதெல்லாம் எருமைக்கு மேல்வாயிலும் கீழ்வாயிலும் முன்பல் உண்டு. கடி, பிடுங்கு, விழுங்கு. மூன்றாம் நாள் ஏரிக்குள் வெறும் மண்தான் மிச்சம்.

நிமிர்ந்த பிறகுதான் அக்காவின் ஞாபகம் வந்தது.

சுட்டி பத்து நாளாகத் தொண்டை வீங்கி, கருவேல மர நிழலில் படுத்திருந்தாள். தண்ணீர் இறங்கும், ஒரு துரும்பு இறங்காது. விலா எலும்பை எண்ணிவிடலாம். தங்கை வந்து நின்றதும் மூக்கை நீட்டி முகர்ந்தாள்.

"மழைப் புல்லாடி?"

"ஆமாக்கா. மொத்தமும் நமக்குத்தான். ஒருத்தனையும் விடலையே!"

"எனக்கு இனிமே இறங்காது. அடுத்த மழைக்கு நான் இருக்கவும் மாட்டேன். நீ தின்னதைச் சொல்லேன், கேட்டுக்கறேன். எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுக்கா."

"நல்லான்னா? அருகா, கோரையா? இனிச்சுதா, துவர்த்துச்சா?"

வளைகொம்பி வாயைத் திறந்தாள். ஊர் வாயை அடைத்த அந்த வாயில் ஒரு சொல் வரவில்லை. மூன்று நாள் தின்றிருக்கிறாள். நாக்கைத் துழாவிப் பார்த்தாள், எதுவுமே இல்லை. சும்மா ஏதாவது அளந்துவிடலாமா என்று பார்த்தால், அக்கா அவள் வாயையே பார்த்துக் காத்திருந்தாள். பொய் வரவில்லை.

ஏரிக்கு ஓடினாள். ஒரு வாய் தின்று பார்த்துச் சொல்லிவிட வேண்டும். கரையைச் சுற்றி வந்தாள். ஒரு புல்தாள்கூட இல்லை. ஆடு தன் நாலு முழத்தை அன்றைக்கே மேய்ந்துவிட்டது. அந்த வருஷத்துப் புல் இனி ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது.

"ஏ வயிறே! ஒரே ஒரு வாய் திருப்பிக் கொடு" என்றாள்.

உள்ளேயிருந்து உறுமல் கேட்டது. "வந்தது என்னுது. மூணு நாளா நீ தள்ளின வேகத்துக்கு எனக்கு மூச்சு முட்டுது. இப்போ திருப்பிக் கேக்கிறியா?"

"என்ன வேணும், சொல்லு."

"மேல்வரிசை முன்பல். உன் அவசரமெல்லாம் அதுலதான் இருக்கு. அப்புறம், ஓடிக்கிட்டுக் கேட்டா வராது. அமைதியாப் படுத்துக் கேட்டா, ஒவ்வொரு வாயா அனுப்புவேன்."

'பாதிப் பல் தரேன்' என்று பழக்க தோஷத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பேசியிருந்தால் பாதியில் படிந்துகூட இருக்கும். ஆனால் பேரம் என்றால் நேரம் பிடிக்கும். மர நிழலில் அக்காவின் விலா ஏறி, நின்று, யோசித்து இறங்கியது.

"எடுத்துக்கோ" என்றாள்.

மேல்பல் வரிசை சுவடில்லாமல் உதிர்ந்தது. வளைகொம்பி மரத்தடிக்குத் திரும்பி வந்து அக்காவின் பக்கத்தில் மடிந்து படுத்தாள். தொண்டைக்குள் ஓர் உருண்டை மெதுவாக ஏறி வாய்க்கு வந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மென்றாள்.

"அருகம்புல்தான்க்கா. முதல்ல மண் வாசம். கணு இருக்கு பாரு, அதைக் கடிச்சா இனிக்குது. தாள்ல இனிப்பு இல்ல, கணுவில மட்டும்."

"ம், அப்புறம்?"

"கோரை ஒண்ணு கலந்திருக்கு. அது காரமாட்டம் சுர்ருங்குது. இரு, இரு... தும்பைப் பூ ஒண்ணு! புல்லோட சேர்த்துப் பிடுங்கியிருக்கேன். அடியில துளித் தேன் இருக்குக்கா!"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. இவ்வளவும் தன் வாய் வழியாகத்தான் போயிருக்கிறது.

சுட்டியின் வெறும் தாடை, தங்கையின் தாடையோடு சேர்ந்து அசைந்தது. "தும்பைப் பூவை இன்னொரு தரம் சொல்லுடி" என்றாள். சொன்னாள். பொழுது சாயும்வரை ஒவ்வொரு வாயாகச் சொன்னாள். எந்த வாயில் அக்காவின் தாடை நின்றதோ தெரியவில்லை. அது நின்றுவிட்டது தெரிந்த பிறகும் வளைகொம்பி நிறுத்தவில்லை. மிச்சத்தையும் அவள் காதருகே சொல்லிக்கொண்டே மென்றாள்.

மறுநாள் சாம்பலான் வந்து அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்தது. "ஐயோ தாயி! தின்ன புல்லையே திருப்பித் தின்ன ஒரு வரிசைப் பல்லா? பேரத்துல உன்னையும் ஒருத்தன் ஏமாத்திட்டானே!"

"விலை சரிதான்" என்றாள் வளைகொம்பி.

கழுதை தன் பல்லை உதட்டால் மூடிக்கொண்டு நடையைக் கட்டியது. பசுவும் ஆடும் மட்டும் அங்கேயே நின்று, அவள் மெல்லுவதை வெகுநேரம் பார்த்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கத்தில் மடிந்து படுத்துத் தங்கள் வயிற்றோடு பேச ஆரம்பித்தன.

எருமைக்கும் பசுவுக்கும் ஆட்டுக்கும் மேல்வாயில் முன்பல் இல்லாமல் போனதும், மேய்ந்தபின் படுத்து, கண் செருக அசைபோடுவதும் அன்றைக்கு ஆரம்பித்ததுதான். கழுதைக்குப் பல் இருக்கிறது, அசை கிடையாது. உனக்கும் அப்படித்தான், போனது திரும்பி வராது. அதனால் திரும்பி நீதான் போக வேண்டும். உனக்குச் சமைத்துப் போட்டவள் இன்னும் பாத்திரம் கழுவி முடிக்கவில்லை. சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதை ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்து, நின்று, மென்று, என்ன இருந்தது என்று அவளிடம் சொல்லு. "நல்லா இருந்துச்சு" என்றால் விடமாட்டேன்.